ஸெம்மல் என்று எழுதியவன்

டிராமில் நின்றுகொண்டே அந்தப் பதிலை மறுபடி படித்தபோதுதான் அந்த ஒரு சொல் கண்ணில் முள்ளாகக் குத்தியது.

ஸெம்மல்.

கொலோனில் பிறந்தவன் கை தவறிக்கூட அப்படி எழுத மாட்டான்.

என் பெயர் மார்லிஸ். பகலில் மூக்குக் கண்ணாடி விற்கிறேன். மிச்ச நேரத்தில், 'கொலோனில் எங்கே சாப்பிடலாம்?' என்ற இணையக் குழுவை மேய்க்கிறேன். ஊருக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள். ஊர்க்காரர்கள் பதில் சொல்வார்கள். அப்புறம் தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள். உருளைக்கிழங்கு அடை எந்தக் கடையில் மொறுமொறுப்பு என்ற தகராறில் இரண்டு பேர் ஜென்ம விரோதிகளானதுதான் எங்கள் குழுவின் மிகப் பெரிய குற்ற வரலாறு.

நேற்று முன்தினம் ஒரு பெண் கேட்டிருந்தாள். "சனிக்கிழமை ஒரு வேலைக்கான நேர்காணலுக்காகக் கொலோன் வருகிறேன். தனியாக. முடிந்ததும் நிம்மதியாகச் சாப்பிட ஓர் இடம் சொல்லுங்களேன்." கீழே முழுப் பெயர்: வெரோனிகா அட்டன்பெர்கர், ரெகன்ஸ்பர்க்.

கொஞ்ச நேரத்தில் எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது.

"தயவுசெய்து என் பெயரையும் பழைய ஊரையும் எடுத்துவிடுங்கள். பழக்கதோஷத்தில் போட்டுவிட்டேன். என் முன்னாள் கணவன் கோர்பினியான் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறான். கிட்டே வரக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. அவனுக்கு நான் முக்கியமில்லை. என் மகள் லெனி எந்த ஊரில், எந்தப் பெண்கள் காப்பகத்தில் தூங்குகிறாள் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஏற்கெனவே ஒருமுறை அவளைத் தூக்கிக்கொண்டு போனான். இன்னொரு முறை போனால் எனக்குத் திரும்பக் கிடைக்க மாட்டாள்."

இரண்டையும் உடனே எடுத்துவிட்டேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் கேள்விக்கு வந்த பதில்களில் 'யுப்' என்பவன் எழுதியதற்குத்தான் இதயக் குறிகள் குவிந்திருந்தன.

"கொலோனிலேயே பிறந்து வளர்ந்தவன் சொல்கிறேன், கேளுங்கள். தென்பேட்டையில் 'கருப்பு ஆந்தை' மதுக்கூடத்துக்குப் போங்கள். முன்கூடத்தில் உட்காராதீர்கள், இரைச்சல். ஆகக் கடைசியில் ஒரு மூலை அறை இருக்கிறது, அங்கே போனால் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். அரைச் சேவல் வாங்குங்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், கோழி வராது. தடிமனாக வெட்டிய பாலாடைக்கட்டியும் கடுகு விழுதும் வைத்த ஸெம்மல்தான் அது."

அவள் கீழே எழுதியிருந்தாள்: "நன்றி, யுப்! அப்படியே செய்கிறேன்."

எல்லாம் சரி. ஆந்தை நல்ல கடை. அரைச் சேவலுக்குக் கோழி வராது என்பதும் சரி. ஆனால் எங்கள் நாட்டில் உள்ளங்கையளவு ரொட்டிக்கு ஊருக்கு ஒரு பெயர். பேக்கரியில் வாயைத் திறந்து ரொட்டி கேட்டால் போதும், நீ எந்த ஊர் என்று கடைக்காரி சொல்லிவிடுவாள். அரைச் சேவலுக்கு நாங்கள் வைக்கிற, ரை தானிய மாவில் செய்த அந்தக் குட்டி ரொட்டிக்குப் பெயர் ரோகல்ஷென். அதை ஸெம்மல் என்று சொல்கிறவர்கள் தெற்கே, பவேரியாவில் இருக்கிறார்கள்.

ரெகன்ஸ்பர்க் இருப்பது பவேரியாவில்.

யுப் எப்போது குழுவில் சேர்ந்தான் என்று பார்த்தேன். அவள் பெயர் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்.

தேதியைப் பார்த்தேன்.

இன்று சனிக்கிழமை. நண்பகல் ஆகிவிட்டது. அவளுக்கு அவசரமாகச் செய்தி அனுப்பினேன். போய்ச் சேரவில்லை. கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. வெளியே போகும்போது போனை அணைத்துவிடக் காப்பகத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

அடுத்த நிறுத்தத்தில் குதித்து எதிர்த்திசை டிராமைப் பிடித்தேன். ஏறும்போதே போலீஸை அழைத்தேன். ஒரு பெண் குரல்.

"ஆபத்துல இருக்கிற பொண்ணை உங்களுக்குத் தெரியுமா?"

"பார்த்ததில்ல."

"துரத்துற ஆளை?"

"அவனையும் பார்த்ததில்ல."

"அப்புறம் எப்படிம்மா அவன்தான்னு சொல்றீங்க?"

"கொலோன்காரன்னு சொல்லிட்டு, அரைச் சேவல் ரொட்டிக்குத் தப்பான பேரை எழுதியிருக்கான்."

பைத்தியம் என்று போனை வைத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"என்னன்னு எழுதியிருக்கான்?"

"ஸெம்மல்."

"அடப்பாவி!" என்றாள் அந்தப் போலீஸ்காரி, அப்பட்டமான கொலோன் பேச்சில். "பொண்ணு பேரைச் சொல்லுங்க, உத்தரவு இருக்கான்னு பார்க்கிறேன். வண்டி அனுப்புறேன். ஆனா இன்னிக்கு மைதானத்துல ஆட்டம், தெருவெல்லாம் அடைஞ்சு கிடக்கு. அதுவரைக்கும் நீங்களா எதுவும் பண்ணாதீங்க."

சரி என்றேன். பொய்.

கருப்பு ஆந்தைக்குள் நுழைந்தபோது முன்கூடத்தில் நிற்க இடமில்லை. சிவப்பு வெள்ளைக் கழுத்துத்துணி போட்ட கால்பந்துக் கூட்டம் ஒரு பக்கம். கதவோரம் பித்தளை ஆந்தை தொங்கும் பெரிய மேசையில் பில்லாவும் அவளுடைய கார்னிவல் சங்கப் பெண்களும். அது அவர்களுடைய நிரந்தர மேசை. அவர்கள் கூப்பிடாமல் அங்கே போப்பாண்டவரே வந்தாலும் உட்கார முடியாது.

நீல ஏப்ரன் கட்டிய ஷாங், கோல்ஷ் பீர்க் குவளைகள் செருகிய வட்டத் தட்டைத் தூக்கிக்கொண்டு என் மேல் இடிப்பது போல வந்தான். இந்த ஊர் மதுக்கூடங்களில் பரிமாறுகிறவன் வாடிக்கையாளரை ஒரு வார்த்தையாவது வையாவிட்டால் அவன் வேலைக்கே அவமானம். ஷாங் அந்தக் கலையில் முனைவர் பட்டம் பெற்றவன்.

"வழியில என்ன தங்கம், சிலை மாதிரி நிக்கிறே? புறா வந்து உட்காரப் போகுது."

"ஷாங், தனியா ஒரு பொண்ணு வந்தாளா? பவேரியாப் பேச்சு."

"உள்ள மூலையில இருக்கு. தண்ணி வேணும்னு கேட்டுச்சு. பீர்க் கடையில தண்ணி எதுக்கு, குளிக்கவா, சோப்பும் துண்டும் சேர்த்துக் கொண்டாரவான்னு கேட்டேன். எல்லார்கிட்டயும் கேக்கிறதுதானே? அழுதிடுச்சு." அவன் முகம் நிஜமாகவே வாடியிருந்தது. "இருபது வருஷத்துல யாரும் அதுக்கு அழுததில்ல, மார்லிஸ்."

நான் உள்ளே போகத் திரும்பினேன். அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"கொஞ்சம் கேளுங்க! எனக்கு ஓர் இறைச்சி உருண்டை. கூட ஒரு ஸெம்மல்."

கால் அங்கேயே நின்றுவிட்டது.

"என்னது? ஸெம்மலா?" ஷாங் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். "அது என்ன தம்பி, தோல் வியாதியா? இங்க அதெல்லாம் கிடையாது!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆளும் சிரித்தான். மெல்லத் திரும்பிப் பார்த்தேன். நாற்பது வயதுக்குள். நன்றாகச் சவரம் செய்த, லட்சணமான முகம். வாய்தான் சிரித்தது. கண் மட்டும் உள்கூடத்தின் வாசலை விட்டு அசையவில்லை. கதவுக்கும் உள்கூடத்துக்கும் நடுவே, வெளியே போகிறவர் யாரானாலும் தன்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்கிற இடத்தில் நின்றிருந்தான். தோள்பையிலிருந்து ஒரு பஞ்சு முயலின் காது நீட்டிக்கொண்டிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. அவன் அவளைத் தொடப் போவதில்லை. பேசப் போவதுகூட இல்லை. அவள் நிம்மதியாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருப்பான். பிறகு ரயில் நிலையம். பிறகு அதே ரயில், வேறு பெட்டி. பிறகு லெனி தூங்குகிற வீடு.

உள்கூடத்தின் கோடியில், மூலை அறையில் அவள் ஒருத்திதான் இருந்தாள். முப்பது முப்பத்தைந்து வயது. பச்சை ஜாக்கெட். முன்னால் பாதி கடித்த அரைச் சேவல்.

"இங்க உட்காரலாமா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தேன். "வெரோனிகா, நான் மார்லிஸ். குழுவை நடத்துறவ. கத்தாதீங்க. கோர்பினியான் முன்கூடத்துல நிக்கிறான்."

அவள் கத்தவில்லை. கையிலிருந்த கத்தியை இறுக்கிப் பிடித்தாள்.

"உங்களை அவன்தான் அனுப்பினானா?"

"இல்லங்க."

"போன தடவையும் இப்படித்தான். ஒரு நல்ல பொம்பளை வந்து, நான் உதவி பண்றேன், எங்கூட வாங்கன்னா." கத்தி நுனியை மேசையில் ஊன்றினாள். "நான் எங்கயும் வரல."

போனைத் திறந்து யுப்பின் பதிலை அவள் முன் வைத்தேன். "இதைப் படிங்க. எழுதினது யாருன்னு உங்களுக்கே தெரியும்."

படித்தாள். நிமிர்ந்தாள். "இதைப் படிச்சுத்தானே வந்தேன்? யாரோ நல்ல மனுஷன். இதுல என்ன?"

"கடைசி வரி."

"பாலாடைக்கட்டியும் கடுகும் வெச்ச ஸெம்மல். சரியாத்தானே இருக்கு? இதோ, ஸெம்மல்தானே இது?"

தட்டிலிருந்த ரொட்டியைத் தொட்டுக் காட்டினாள். அவள் நாக்குக்கு அது பிறந்ததிலிருந்து பழகிய சொல். அதில் தப்பு இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? எழுதியவனுக்கும் தோன்றவில்லை.

"இந்த ஊர்ல அதுக்கு ரோகல்ஷென்னு பேர். இங்க பிறந்தவன் யாரும் ஸெம்மல்னு சொல்ல மாட்டான்."

ஒரு கையால் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அவன் அம்மா பேக்கரி வெச்சிருந்தாங்க," என்றாள் மிக மெதுவாக. "காலையில அவன்தான் எனக்கு ஸெம்மல் வாங்கிட்டு வருவான்."

"பையில ஒரு பஞ்சு முயல் வெச்சிருக்கான்."

"வெள்ளையா? ஒரு காது மடிஞ்சிருக்கா?" கத்தியைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "லெனியோடது. அதைக் காட்டித்தான் போன தடவை பள்ளிக்கூட வாசல்ல கூட்டிட்டுப் போனான்."

மூலை அறைக்கு வேறு வழி இல்லை. யுப் நன்றாகத்தான் இடம் தேர்ந்திருந்தான். சன்னலில் கம்பி. ஆனால் அவனுக்குத் தெரியாத ஒன்று ஆந்தையில் உண்டு. உள்கூடத்துக்கும் முன்கூடத்துக்கும் நடுவில், மரத்தாலும் கண்ணாடியாலும் ஆன ஒரு கூண்டு. தேவாலயத்தில் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்கிற கூண்டு போல இருப்பதால், பாவசங்கீர்த்தனக் கூண்டு என்று கேலியாகச் சொல்வோம். முதலாளியம்மா ட்ரூடெ அதற்குள் உட்கார்ந்து இரண்டு கூடங்களையும் கழுகு மாதிரிப் பார்ப்பாள். அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு சிறு கதவு. அதன் வழியாகப் போனால் பீப்பாய் இறக்கும் கொல்லைப்புறம்.

சிக்கல் ஒன்றுதான். கூண்டு கண்ணாடி. முன்கூடத்தில் நிற்கிறவன் தலையைக் கொஞ்சம் திருப்பினாலே, உள்ளே நுழைகிறவள் தெரிவாள்.

"நான் போய் அவன் கவனத்தைத் திருப்புறேன். ஜாக்கெட்டைக் கழட்டிக் கையில வெச்சுக்கங்க. பாட்டுச் சத்தம் கேட்டதும் கிளம்புங்க. ஓடாதீங்க. நேரா அந்தக் கூண்டுக்குள்ள."

"பாட்டா? என்ன பாட்டு?"

"அது கேக்கும். இது கொலோன்."

கூண்டைத் தாண்டிப் போகும்போது ட்ரூடெயிடம் நாலே வார்த்தை சொன்னேன். அவள் மூக்குக் கண்ணாடியை இறக்கி (நான் விற்றதுதான்) என்னை ஒரு பார்வை பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்து பில்லா. சந்தையில் முப்பது வருடம் மீன் பெட்டி தூக்கிய கை அவளுடையது. காதருகே குனிந்தேன்.

"பில்லா, இறைச்சி உருண்டை தின்னுட்டு நிக்கிறானே, அவன் கொஞ்ச நேரம் அசையக் கூடாது. ஒரு குழந்தை விஷயம். காரணம் அப்புறம்."

பில்லா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கான். ஸெம்மல் தம்பிதானே?" எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்தாள். "ஏ தம்பி! தனியா என்ன அங்க சாமி கும்பிடுறே? வா இப்படி!"

"நன்றி, இங்கேயே வசதியா..."

கூடம் கொந்தளித்தது. "டேய், ஆந்தை மேசையில கூப்பிடுறாங்கடா!" "எங்க அப்பனுக்கே கிடைக்கல!" "போடா மரமண்டை!" கால்பந்துக் கூட்டத்தில் இரண்டு பேர் அவனைத் தோளைப் பிடித்தே தள்ளிவிட்டார்கள். பில்லாவுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தான். தோள்பையை மடியில் வைத்துக்கொண்டான். அந்த இடத்திலிருந்தும் உள்கூடத்து வாசல் தெரிந்தது. அதைச் சரிபார்த்த பிறகுதான் அவன் தோள் தளர்ந்தது.

பில்லா தொண்டையைக் கனைத்தாள்.

அவள் ஆரம்பித்தால் முன்கூடமே ஆரம்பித்துவிடும். எங்கள் ஊரில் யார் பாடத் தொடங்கினாலும் பக்கத்தில் இருக்கிறவன் கையோடு கை கோத்து, எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து ஆட வேண்டும். தெரிந்தவன் தெரியாதவன் என்ற பேதம் கிடையாது. கோத்த கையை நடுப்பாட்டில் உருவுவது எச்சில் துப்புவதற்குச் சமம். பில்லாவின் கை அவன் வலக்கையை வளைத்தது. மறுபக்கத்துப் பெண் இடக்கையை வளைத்தாள். மேசை முழுக்க இடப்புறம் சாய்ந்தது. வலப்புறம் சாய்ந்தது. அவனும் சாய்ந்தான். வேறு வழியில்லை.

நான் கூண்டைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்தேன்.

இரண்டாவது அடி. மூன்றாவது அடி. அவன் உதடு சும்மா அசைந்தது. பாட்டு தெரியவில்லை. கொலோனில் பிறந்து வளர்ந்த யுப்புக்கு!

மறுபடி வலப்புறம் சாய்ந்தபோது அவன் கண் விரிந்தது. பச்சை ஜாக்கெட். கழற்றிக் கையில் வைத்திருந்தாலும் பச்சை பச்சைதானே? கண்ணாடிக்குள் அது நகர்ந்தது.

எழப் பார்த்தான். முடியவில்லை.

"உட்காரு தம்பி, இன்னும் பாட்டு முடியல."

"விடுங்க."

"தோள் வலிக்குதா? பழகிடும்."

"விடுங்கடி!" முழு பவேரியப் பேச்சு வெடித்துக்கொண்டு வந்தது. "அங்க போறது என் பொண்டாட்டி! என் குழந்தையைத் திருடிட்டு ஓடுறா!"

பாட்டு அறுந்தது.

குழந்தை என்ற வார்த்தை எல்லோரையும் தொட்டுவிட்டது. கால்பந்துக்காரன் ஒருவன் கூண்டின் பக்கம் திரும்பினான். பில்லாவின் பிடி தளர்வதைப் பார்த்தேன். குழந்தை விஷயம் என்றுதான் நானும் அவளிடம் சொல்லியிருந்தேன். யாருடைய குழந்தை, யாரிடமிருந்து என்று சொல்லவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கேள்வி இருந்தது.

விளக்கம் சொல்ல நேரமில்லை. விளக்கினாலும் என் வார்த்தைக்கு எதிராக அவன் வார்த்தை.

"யுப்!" என்று கத்தினேன்.

சட்டென்று திரும்பினான்.

அடுத்த கணமே தப்பு புரிந்து வாயை மூடினான். ஆனால் திரும்பியதைக் கூடமே பார்த்துவிட்டது.

"யுப்பா?" என்றாள் பில்லா. அவளும் எங்கள் குழுவில்தான் இருக்கிறாள். சொல்லப்போனால் அந்த உருளைக்கிழங்கு அடைத் தகராறில் ஒரு பக்கம் அவள்தான். "அரைச் சேவலுக்கு வழி சொன்ன யுப்பா? கொலோன்லயே பிறந்தவனா?" மேசையில் இருந்த ரொட்டிக் கூடையை முழங்கையால் அவன் முன் தள்ளினாள். "இது என்ன, சொல்லு தம்பி."

அவன் சொல்லவில்லை. பையை உதறிவிட்டு மேசையைக் காலால் உதைத்தான். குவளைகள் உருண்டு உடைந்தன. முயல் பீரில் விழுந்தது. பில்லாவின் கை இப்போது தளரவில்லை. ஷாங் வட்டத் தட்டை இறக்கி வைத்துவிட்டு, அவன் தோள்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினான்.

"தண்ணி கேட்டுது அந்தப் பொண்ணு," என்றான் ஷாங். இந்த முறை குரலில் கேலி இல்லை. "அழ வெச்சுட்டேன். உன்னாலதானா?"

போலீஸ் வந்தபோதும் பில்லா, அவன், மறுபக்கத்துப் பெண் மூவரும் அப்படியே கை கோத்துத்தான் இருந்தார்கள். வந்த போலீஸ்காரன் வெளியே நின்று வயர்லெஸ்ஸில் பேசினான். உத்தரவு நடப்பில்தான் இருந்தது. யுப்பின் பதிலை என் போனிலிருந்து படம் பிடித்துக்கொண்டான். "இதுல ஆதாரம் எதும்மா?" என்று கேட்டான். ஊருக்குப் புதுசு போலிருக்கிறது. பில்லா அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

நான் கூண்டின் பின்கதவு வழியாகக் கொல்லைப்புறம் ஓடினேன்.

தெரு அடைப்பு விலகும்வரை காத்திருந்த பீப்பாய் வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் பக்கத்தில் வெரோனிகா. ட்ரூடெயின் கறுப்புக் கோட்டு அவள்மேல் தொளதொளவென்று கிடந்தது. மடியில் காகிதக் கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"அவனைப் பிடிச்சாச்சு. இன்னிக்கு அவன் எந்த ரயிலும் ஏற மாட்டான்."

அவள் தலையசைத்தாள். பொட்டலத்தை லேசாகத் தூக்கிக் காட்டினாள்.

"அந்த அம்மா கொடுத்தாங்க. லெனிக்கு. கோழி இல்லாத சேவல்னா சிரிப்பா." பொட்டலத்தை மறுபடி மடியில் வைத்தாள். "மார்லிஸ், அந்த ஒரு வார்த்தையை வெச்சுத்தானே அவனைக் கண்டுபிடிச்சீங்க?"

"ஆமா."

"அப்ப என்னையும் யாராவது அப்படிக் கண்டுபிடிக்கலாம். நான் போய் இருக்கிற ஊர்ல பேக்கரியில நிதமும் ஸெம்மல்னுதான் கேக்கிறேன். லெனியும்தான்."

இதை நான் யோசிக்கவே இல்லை.

"அந்த ஊர்ல என்னன்னு சொல்றாங்க?" என்றேன்.

எந்த ஊர் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்கே பயமாக இருந்தது. சொல்லவில்லை. வாயைத் திறந்து, மூடி, முதல் முறையாகக் கொஞ்சம் சிரித்தாள்.

"அதை உங்ககிட்ட சொன்னா ஊர் தெரிஞ்சிடுமே."

ஓட்டுநர் கியரைப் போட்டான். வண்டி கொல்லை வாசலைத் தாண்டித் தெருவுக்குத் திரும்பியது. பக்கக் கண்ணாடியில் அவள் உதடுகள் தெரிந்தன. ஒரே சொல்லை, எனக்குக் கேட்காத ஏதோ ஒரு சொல்லை, திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள்.